நூலகச் செயலியை மாற்றி எழுதக் கைகொடுங்கள்



சிறு நூலகங்களும் வாசகசாலைகளும் புத்தகப் பட்டியலுக்கும் இரவல் கணக்குக்கும் பயன்படுத்தும் கட்டற்ற வலைச்செயலி ஒன்றைத் தன்னார்வலர்களாகப் பராமரித்து வருகிறோம். அது பைத்தான் 2-இல் எழுதப்பட்டது. அந்த மொழிப் பதிப்புக்கான அதிகாரபூர்வ ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிதாகப் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் மொழியை உருவாக்கியவர்கள் அதை அடைத்துத் தரமாட்டார்கள். உறுப்பினர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ள செயலியை இப்படியே விட்டுவைக்கக் கூடாது. அதனால் மாற்றி எழுத முடிவு செய்திருக்கிறோம்.

மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவிக்கு 1998-இல் அதைத்தான் செய்தது. புதிய உலாவி 2000 நவம்பரில் வந்தபோது போட்டி உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சந்தையைப் பிடித்திருந்தது. விக்கிப்பீடியாவின் மென்பொருளும் 2002-இல் புதிதாக எழுதப்பட்டதுதான். ஆனால் அன்று விக்கிப்பீடியாவுக்கு வயது ஒன்றரை. அந்த நிரல் மீடியாவிக்கியாக வளர்ந்த பிறகு பகுதி பகுதியாகவே மாற்றி வருகிறார்கள்.

எங்கள் பழைய நிரலிலும் அவசரப்பட்டு அழிக்கக் கூடாதவை உண்டு. மு.வ. என்று தேடினாலும் மு. வரதராசன் என்று தேடினாலும் ஒரே நூல்கள் வருகின்றன. பாமினி எழுத்துருவிலும் டிஸ்கி குறியாக்கத்திலும் தட்டச்சான பழைய பதிவுகள் ஒருங்குறியில் தெரிகின்றன. இவை யாரோ ஒரு நூலகர் குறை சொன்னதால் சேர்க்கப்பட்டவை; ஆவணத்தில் எழுதப்படாதவை.

ஆகவே முதலில் தேடலை மாற்றுவோம், அடுத்து இரவல் கணக்கை. பழையதும் புதியதும் சில காலம் அருகருகே ஓடும். இரண்டும் ஒரே விடை தந்த பிறகே பழையதை நிறுத்துவோம்.

இதற்கு உங்களிடம் கேட்பது இவைதாம்:

1. நூலகர்களே, அன்றாடம் எந்தப் பக்கங்களைப் பயன்படுத்துகிறீர்கள், எவற்றைத் தொடுவதே இல்லை என்று எழுதித் தாருங்கள்.
2. உறுப்பினர் விவரங்களை நீக்கிய மாதிரிப் பட்டியல் ஒன்றைச் சோதனைக்குக் கொடுங்கள்.
3. நிரலாளர்களே, புதிய வசதிகளைச் சேர்க்கும் முன், இப்போதுள்ளவற்றுக்குச் சோதனை நிரல் எழுத வாருங்கள்.
4. வாசகர்களே, வழக்கமாகத் தேடும் நூல்களைப் புதிய தேடலிலும் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் நூலகரிடம் சொல்லுங்கள்.

பணம் கேட்கவில்லை, வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். இந்தச் செயலிக்கு உரிமையாளர் என்று தனியாக ஒருவர் இல்லை. பயன்படுத்தும் நாம்தான் இதைக் காக்க வேண்டும்.

இவண்,
செயலியைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள்