விதியா, விதையா?

பயிரில் வியாதி கண்டால் "விதி" என்றும் "தெய்வ கோபம்" என்றும் சொல்லிப் பொங்கல் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும் ஜனங்களுக்கு ஒரு சேதி சொல்ல ஆசைப்படுகிறோம்.

அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் 1960-களின் தொடக்கத்தில் மக்காச்சோளத்தில் ஒருவிதத் தேமல் நோய் காணப்பட்டது. இலை வெளுத்தது, செடி குட்டையாயிற்று, கதிரில் மணி சரியாகப் பிடிக்கவில்லை. இனிப்பு மக்காச்சோளம் இதற்குச் சுலபத்தில் இரையாயிற்று. ஆராய்ந்ததில் காரணம் ஒரு வைரஸ் என்றும், அது ஜான்சன் புல்லில் குளிர்காலத்தைக் கழித்து, அசுவினிப் பூச்சியால் பயிருக்கு வருகிறதென்றும் தெரிந்தது. பூச்சிமருந்தும் போதவில்லை, அசுவினி சாவதற்கு முன்பே, சில விநாடிகளில் நோயை ஏற்றிவிடுகிறது.

ஆகவே விதையையே திருத்த முற்பட்டார்கள். நோயைத் தாங்கும் பி.ஏ. 405 என்னும் சாதாரண மக்காச்சோள ரகத்தை இனிப்பு ரகத்துடன் கலந்தார்கள். பிறந்த நாற்றுகளின் இலையில் நோய்ச்செடியின் சாற்றைத் தேய்த்து, தப்பியவற்றை மட்டும் மறுபடியும் இனிப்பு ரகத்தோடு கலந்தார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். எதிர்ப்புக்கு முக்கியமான ஜீன் ஆறாவது குரோமோசோமில் இருப்பதையும் கண்டார்கள்.

இதில் கவனிக்கத்தக்கது என்னவென்றால், நல்ல வம்சம் என்பதற்காக ஒரு விதையையும் நம்பிவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையையும் பரீக்ஷித்தே எடுத்தார்கள். தனித்து நின்ற ரகம் வாடிற்று. கலந்த ரகம் பிழைத்தது.

இந்த விதையும் சகல நோய்களையும் தாங்காது. ஆதலால் இதையும் கும்பிட வேண்டாம். விதை வாங்கும்போது, "எந்த நோயைத் தாங்கும்? எங்கே சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். அதுவே பகுத்தறிவு.