ஃபோர் பை ஃபோர்னா நாலு சக்கரமும் இழுக்குமா?

போன மழைக்காலம். மழை விட்ட ரெண்டாவது நாள், நண்பனோட மாமா வண்டியில நாலு பேர் பனமலை போனோம். போனது என்னவோ கோயில் பார்க்கத்தான். ராஜசிம்மப் பல்லவன் கட்டின தாளகிரீசுவரர் கோயில், அதுல மிச்சமிருக்கிற அந்த பார்வதி ஓவியம். பார்த்துட்டு இறங்கினதோட வந்த வழியே திரும்பியிருக்கணும். "ஃபோர் பை ஃபோர் ஆச்சே மச்சி, ஏரி ஓரமா ஒரு ரவுண்டு போலாம்"னு ஒருத்தன் ஆரம்பிச்சான்.

ஐம்பதடி கூட போகல. இடது பக்கம் ரெண்டு சக்கரமும் சேத்துல இறங்கிடுச்சு. வலது பக்கம் ரெண்டும் கெட்டி மண்ணுல. 4எல் போட்டு மிதிச்சா, சேத்துல இருக்கிற ரெண்டும் பேய் மாதிரி சுத்துது, கெட்டி மண்ணுல இருக்கிற ரெண்டும் வேடிக்கை பார்க்குது. பழைய வண்டி, எலக்ட்ரானிக் உதவி எதுவும் கிடையாது. பிராண்ட் பேர் வேண்டாம், அது வண்டி மேல தப்பும் இல்ல.

அரை மணி நேரம் கழிச்சு ஒரு அண்ணன் டிராக்டர்ல வந்தாரு. டூ வீல் டிரைவ் டிராக்டர்! எங்களைச் சுத்தி வரும்போது அவருக்கும் ஒரு பின் சக்கரம் வழுக்குச்சு. குதிகாலால கீழ ஒரு பெடலை மிதிச்சாரு, ரெண்டு சக்கரமும் ஒண்ணா சுத்துச்சு, ஏறி வந்துட்டாரு. எடையும் டயரோட கட்டையும் உதவுச்சுங்கறது உண்மை. ஆனா வித்தியாசம் அந்த பெடல்ல இருந்துச்சு. எங்களை இழுத்து விட்டுட்டு அவர் கேட்டது: "இவ்ளோ காசு குடுத்து வாங்குனதுல அந்த லாக் பெடல் எங்க தம்பி?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

மூணாவது செமஸ்டர்ல டிஃபரன்ஷியல் படம் வரைஞ்சு 13 மார்க் வாங்கியிருப்போம். வளைவுல வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், அதுக்காக வேகத்தைப் பிரிச்சுக் குடுக்கும்னு எழுதியிருப்போம். எழுதாம விட்டது இன்னொண்ணு: அது வேகத்தைத்தான் பிரிக்கும், டார்க்கை ரெண்டு பக்கமும் சமமாத்தான் குடுக்கும். சேத்துல இருக்கிற சக்கரம் 100 நியூட்டன் மீட்டர்லயே வழுக்கிடும்னு வைங்க. கெட்டி மண்ணுல இருக்கிறது 1000 தாங்கும். ஆனா அதுக்கும் 100தான் போகும். மொத்தம் 200. லாக் பண்ணினா ரெண்டும் ஒரே ஷாஃப்ட் மாதிரி, மண்ணு தாங்குற வரைக்கும் ஒவ்வொண்ணும் எடுத்துக்கும். 1100 வரை கிடைக்கும். ஃபோர் பை ஃபோர் பேட்ஜ் சொல்றது முன் ஆக்சிலுக்கும் சக்தி போகுதுங்கறது மட்டும்தான். ரெண்டு ஆக்சில்லயும் ஓபன் டிஃபரன்ஷியல் இருந்தா, ஒவ்வொரு ஆக்சில்லயும் ஒரு சக்கரம் வழுக்கினா போதும், கதை முடிஞ்சுது.

"அதான் இப்போ பிரேக் வச்சே பண்றாங்களே"ன்னு கேப்பீங்க. சுத்துற சக்கரத்தை பிரேக் பிடிச்சு, அந்தப் பக்கம் டார்க் அனுப்புற முறை. 2023ல வந்த ஜிம்னியில இதுதான். நல்ல ஐடியாதான், ஆனா அதே கணக்கைப் போட்டுப் பாருங்க. கெட்டி பக்கத்துக்கு 1000 போகணும்னா சேத்துப் பக்கம் பிரேக் 900 பிடிக்கணும். ஆக்சிலுக்கு 2000 அனுப்பி, 900ஐ பிரேக் டிஸ்க்ல சூடாக்குறோம். ஒரு பள்ளத்துக்குப் போதும். ஏரி முழுக்க அப்படியே போக முடியாது.

அதனால என் கட்சி இதுதான்: லைட் பார், பெரிய பம்பர், ரூஃப் ரேக்குக்கெல்லாம் முன்னாடி காசு போக வேண்டிய இடம் பின் ஆக்சில் லாக்கர். கம்பெனியே குடுத்தா இன்னும் நல்லது. கூர்க்கா முன்னும் பின்னும் குடுக்குது. தாருக்கு 2015லயே பின் ஆக்சில்ல ஈட்டன் லாக்கர் வந்துச்சு. ரெண்டு சக்கரத்துக்கும் வேக வித்தியாசம் சுமார் 100 ஆர்பிஎம் ஆனா அதுவே பூட்டிக்கும். எனக்கு தானா பூட்டுறதை விட, டிராக்டர் மாதிரி நானா பூட்டுறதுதான் பிடிக்கும். பள்ளத்துல இறங்குறதுக்கு முன்னாடியே போட்டுடலாம், சக்கரம் சுத்தி மண்ணைத் தோண்டுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஏரிப் பாதையை நாசம் பண்றது வண்டி இல்ல, நின்ன இடத்துல சுத்துற சக்கரம். நாங்க தோண்டிட்டு வந்த குழியில அடுத்த நாள் மாட்டு வண்டி போகணும்.

ஆனா வெளியில வாங்கிப் போடுறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. ஓபன் டிஃபரன்ஷியல்ல ஒரு பக்க ஷாஃப்டுக்கு ஆக்சில் டார்க்ல பாதிதான் போகும். லாக் பண்ணினா, ஒரு சக்கரம் அந்தரத்துல இருக்கும்போது மொத்தமும் ஒரே ஷாஃப்டுல ஏறும். பழைய ஷாஃப்ட், பெரிய டயர், புது லாக்கர், இந்த மூணும் சேர்ந்தா எது முதல்ல உடையும்னு சொல்லத் தேவையில்ல. முன் ஆக்சில்ல இன்னும் மோசம். பூட்டிட்டு ஸ்டியரிங் ஒடிச்சா சிவி ஜாயின்ட் போயிடும். வேலையும் சாதாரண வேலை இல்ல. க்ரௌன் பினியன் பேக்லாஷ், ஷிம், பேரிங் ப்ரீலோட் எல்லாம் அளந்து, பல்லுல சாயம் தடவி கான்டாக்ட் பார்க்காம மூடுற மெக்கானிக்கிட்ட வண்டியை விடாதீங்க.

இன்னொண்ணு சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, அதன் மேல 2019 ஜனவரியில வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அப்புறம் 182ஏ-ல ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம். லாக்கர் வெளிய தெரியாதுன்னு சொல்றவன் பேச்சைக் கேக்காம, போடுறதுக்கு முன்னாடி ஆர்டிஓ-லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுடுங்க.

போட்ட பிறகு பழகுறதுக்கு டிராக்டரே போதும். அந்த அண்ணன் காலைக் கவனிச்சேன். வேகத்தைக் குறைச்சு மிதிச்சாரு, நேரா போனாரு, திரும்பணும்னதும் காலை எடுத்துட்டாரு. பெடல் ஸ்பிரிங்ல மேல வந்துடுச்சு. நம்ம பசங்க பட்டனைப் போட்டுட்டு தார் ரோடு வரைக்கும் மறந்துடுவாங்க.

மாமா இப்போ ஒர்க்‌ஷாப்புல முன் ஆக்சில், பின் ஆக்சில் ரெண்டுக்கும் லாக்கர் விலை விசாரிச்சுட்டு இருக்காரு. பின்னாடி மட்டும் போதும், மீதிக் காசுக்கு ஷாஃப்ட் மாத்துங்கன்னு சொல்லிட்டே இருக்கேன். இன்னும் கேக்கல.