கணினிக்குக் கோலம் கற்பிப்போர் யார்?

மார்கழி வைகறையில் கரமனை, வலியசாலைத் தெருக்களில் வாசற்கோலம் காண்பது நம்மவர்க்குப் பழகிய இன்பம். ஆனால் நம் குடும்பங்களுட் பல இன்று அடுக்குமாடிகளில் குடியேறிவிட்டன. அங்கே வாசல் என்பது பொது நடைவழி. அதில் புள்ளி வைக்க இடமேது? கோலம் அறிந்த பாட்டியார் வீட்டினுள் இருக்கிறார். பேரக்குழந்தையோ கணினித் திரையின்முன் விளையாட்டில் ஆழ்ந்திருக்கிறது. இவ்விருவரும் கூடுமிடம் ஒன்று உண்டென்பதைக் கூறவே இம்மாதம் எழுதுகின்றோம்.

கழக்கூட்டத்தில் 1990-ஆம் ஆண்டு டெக்னோபார்க் எழுந்தது. 1999-இல் அங்குத் தோன்றிய டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமன் கதைகளைச் சித்திரத் தொடராக்கியது. ஆகவே கணினிச் சித்திரம் இந்நகருக்குப் புதிதன்று.

விளையாட்டுக் காட்சியில் ஓவியம் சேர்க்க இருவழிகள் உள. முதல்வழி, வரைந்து முடித்த படத்தை அப்படியே ஒட்டுவது. அகலம் ஆயிரம், உயரம் ஆயிரம் படப்புள்ளிகள் கொண்ட படமொன்று, சுருக்காமல் வைத்தால், ஏறத்தாழ 40 இலட்சம் பைட் இடம் கொள்ளும். அதனைப் பெரிதாக்கினால் விளிம்பு மங்கும். இரண்டாவது வழி, படத்தை விடுத்து வரையும் முறையை மட்டும் தருவது. ‘இங்கே தொடங்கு, இவ்வாறு வளை, அங்கே முடி’ என்னும் கட்டளைகளைக் கொண்டு, விளையாட்டு நடக்கும்போதே கணினி வரைந்துகொள்ளும். இதனைத் திசையன் வரைவு என்பர். எவ்வளவு பெரிதாக்கினும் கோடு கூர்மை குன்றாது.

இம்முறையில் வளைவு ஒன்றுக்கு நான்கு புள்ளிகள் போதும்: முனைகள் இரண்டு, வளைவை இழுத்துப் பிடிக்கும் புள்ளிகள் இரண்டு. பிரான்சு நாட்டு மோட்டார் நிறுவனங்களில் பணியாற்றிய டி காஸ்டெல்ஜோவும் பெசியேயும் கார்களின் உடலமைப்பை வரையறுக்க வகுத்த கணக்கு இது. கணினி அவ்வளைவைச் சிறு சிறு முக்கோணங்களாக்கித் திரையில் நிரப்புகிறது. நொடிக்கு 60 முறை திரை மாறும் விளையாட்டில், ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ 17 மில்லிநொடியே கிடைக்கும். ஆதலின் வடிவம் மாறும்போது மட்டும் முக்கோணங்களை மீண்டும் கணக்கிடுவது நன்று. மாறாதபோது சேமித்தவற்றையே பயன்படுத்தலாம்.

புள்ளி வைத்துக் கோடிழுக்கும் நம் பெண்டிர் செய்வதும் இதுவேயன்றோ! அவர்கள் முடிந்த படத்தைச் சுமந்து திரிவதில்லை. வரையும் முறையை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். இவ்வுண்மையை அறிஞரும் கண்டனர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, கோலங்களுக்குக் கணினி இலக்கணம் வகுக்கும் ஆய்வுக் கட்டுரையை 1974-இல் வெளியிட்டனர்.

இப்பொழுது ‘ஏஜென்ட்’ எனப்படும் ஏவற்கருவிகள் வந்துள்ளன. ‘இக்காட்சியின் தரையில் சிக்குக் கோலம் வரைக’ என்று எழுதினால், அக்கருவி தானே நிரல் எழுதி, ஓட்டிப் பார்த்து, திரையைப் படமெடுத்து நோக்கித் திருத்தவும் முயலும். நாட்கணக்கான வேலை சில நாழிகையில் முடியலாம். ஆனால் அழகாகத் தோன்றுவதெல்லாம் கோலமாகுமா? ஓரிடத்தில் கோடு அறுந்திருக்கலாம்; ஒரு புள்ளி வளைவுக்கு வெளியே தனித்து நிற்கலாம். மேலோட்டமாகப் பார்ப்போர் கண்ணுக்கு அது தப்பிவிடும். பாட்டியார் கண்ணுக்குத் தப்பாது.

அவர் அறிந்ததை விதியாக எழுதுங்கள். எல்லாப் புள்ளியும் கோட்டால் சூழப்படவேண்டும். தொடங்கிய கோடு தொடங்கிய இடத்திற்கே திரும்பவேண்டும். வளைவுகள் சேருமிடத்தில் முறிவு கூடாது. கணக்கு விதியொன்றும் உண்டு. அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே எங்கும் கோடுகள் குறுக்கிட்டுச் செல்லும் எளிய செவ்வகக் கோலத்தில், இருபக்கப் புள்ளிகளின் மீப்பெரு பொதுக்காரணி எதுவோ, அதுவே தனிக்கோடுகளின் எண்ணிக்கை. மூன்றுக்கு நான்கு புள்ளியெனில் ஒரே கோடு. நான்குக்கு ஆறு எனில் இரண்டு. மூன்றுக்கு மூன்று எனில் மூன்று. இவ்விதிகளைச் சோதனையாக எழுதிக் கொடுத்தால், ஏவற்கருவி தன் வேலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். விதி கூறுவோர் இல்லையேல், கருவி தந்ததையே கோலமென்று நம் பிள்ளைகள் நம்பிவிடுவர். அடுத்த தலைமுறைக்கு அதனை மறுத்துக்கூற ஆள் இராது.

ஆதலால் அன்பர்களே, வரும் விடுமுறையில் ஒரு கட்டக் குறிப்பேடு வாங்குங்கள். மூன்றுக்கு நான்கு புள்ளி வைத்துப் பெரியோர் ஒருவரை வரையச் சொல்லுங்கள். கோடு எங்கே திரும்புகிறது, ஏன் திரும்புகிறது என்று பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். அதன்பின் கணினியைத் திறக்கட்டும். பிறமொழிச் சூழலில் வளரும் நம் குழந்தைகளுக்கு அந்த ஏடு பாட்டி வீட்டுச் சீதனமாகவும் நாளைய தொழிலுக்கு முதலாகவும் அமையும்.