சுறா என்னும் பெயரில் ஒரு கெளுத்தி

வீட்டுத்தொட்டியில் சுறா வளர்க்கலாமா என்று விவாதிக்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மூர்க் கடைகளில் 'ஷார்க்' என விற்கப்படும் விரல்நீளக் குஞ்சுகளுள் பெரும்பாலானவை சுறாவே அல்ல. மேகாங் ஆற்றுக் கெளுத்தி. ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் அந்தப் பெருநதி மீனை இரண்டடிக் கண்ணாடிக்குள் முடக்குவதற்கு ரசனை என்று பெயராம்!

தொட்டி கொள்ளாமற்போனால் ஆற்றில் விட்டுவிடலாம் என்கிறார்கள். அதைப் புண்ணியக் கணக்கில் வேறு சேர்த்துக்கொள்கிறார்கள். எந்த ஆற்றில்? பத்தமடைப் பாய்க்குக் கோரை தந்த தாமிரபரணியிலா? அந்த ஆற்றின் பெயரையே அறிவியற்பெயராகத் தாங்கிய கெண்டையினம் ஒன்று உண்டு. 1954இல் சைலஸ் விவரித்தது. அதன் தாயகம் இந்தப் படுகைதான். அழியும் அபாயத்திலுள்ள அதனோடு இரைக்குப் போட்டியிட அயல் கெளுத்தியை இறக்கிவிடுவது எந்த ஊர்ப் புண்ணியம்?

விற்பவர்கள் விலையோடு மீனின் முழுவளர்ச்சி நீளத்தையும் தொட்டியில் எழுதி ஒட்டட்டும். பிறகு எத்தனைபேர் வாங்குகிறார்கள், பார்ப்போம்.