இலவசச் சிப்பாய்

சதுரங்கத்தில் எதிராளி முதல் நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைச் சும்மா நீட்டினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இப்படிப் பலி கொடுத்து வலை விரிப்பதற்குப் பெயர் 'கேம்பிட்'.

கிள்ளானில் இருக்கும் என் அக்கா மகளுக்கு 11 வயது. போன மாதம் ஒரு போட்டியில் எட்டே நகர்த்தலில் ராஜாவைப் பறிகொடுத்தாள். "இனி செஸ்ஸே வேணாம் சித்தி" என்றாள். எதிரே ஆடிய பையன் காணொளி பார்த்து மனப்பாடம் செய்து வந்திருந்தானாம். அவன் ஆடியது 'எங்லண்ட் கேம்பிட்'. இங்கிலாந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; ஃபிரிட்ஸ் எங்லண்ட் என்ற ஸ்வீடன்காரரின் பெயர்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடிந்த கையோடு பலகையை விரித்தோம். வெள்ளை டி4, கறுப்பு இ5. வெள்ளை சிப்பாயை வெட்டுகிறது. இரு பக்கமும் ஒரு குதிரை வெளியே வர, கறுப்பு ராணி இ7-க்கு வருகிறது. வெள்ளை பிஷப்பை எஃப்4-இல் வைத்தால் ராணி பி4-இல் 'செக்' சொல்லும். பிஷப் டி2-க்குத் திரும்ப, ராணி பி2 சிப்பாயை விழுங்கி மூலைக் கோட்டையைக் குறிவைக்கும். இங்கேதான் கை பரபரக்கும்: பிஷப்பை சி3-இல் வைத்து ராணியை விரட்டலாமே! அந்த பிஷப்பை கறுப்பு பிஷப் பி4-இல் வந்து முடக்கிவிடும். எட்டாவது நகர்த்தலில் கதை முடியும்.

சி3-க்கு வர வேண்டியது பிஷப் அல்ல, குதிரை. குதிரை நகர்ந்ததும் வெள்ளை ராணிக்கும் மூலைக் கோட்டைக்கும் நடுவே வழி திறக்கிறது. கோட்டைக்குக் காவல் வந்துவிடும். அடுத்து கோட்டை பி1-க்கு வந்தால் ஓட வேண்டியது கறுப்பு ராணிதான்.

எனக்குப் பிடித்தது இன்னும் எளிய வழி. நான்காவது நகர்த்தலிலேயே அந்தக் குதிரையை சி3-இல் வைத்துவிடுவது. அவர்கள் சிப்பாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். நம் காய்கள் வெளியே இருக்கும். அவர்களுடைய ராணியோ சொந்த பிஷப்பின் வழியையே அடைத்துக்கொண்டு நிற்கும். பதில் பொறி தேடி இன்னொரு காணொளி பார்க்க வேண்டியதில்லை. குழந்தைகள் பொறியை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் போதும்.

பக்கத்துச் சிங்கப்பூரில் 2024 டிசம்பரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 11ஆவது ஆட்டத்திலும் இப்படி ஒரு காட்சி. சென்னைப் பையன் குகேஷ் மூன்றாவது நகர்த்தலிலேயே பி4 என்று வழக்கமில்லாத ஒன்றை வைத்தார். அடுத்த நகர்த்தலுக்கு டிங் லிரன் அரை மணி நேரத்துக்கும் மேல் யோசித்தார். உலகச் சாம்பியன் அவ்வளவு யோசித்து வைத்த நகர்த்தல் என்ன தெரியுமா? ஒரு குதிரையை வெளியே எடுத்தார். அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார்தான். ஆனால் அதற்குக் காரணம் 28ஆவது நகர்த்தலில் ராணியை வைத்த இடம்.