அரைச் சாண் நீள கூட்ஸ் பெட்டி

கோவை அருகே மதுக்கரையில் 1934 முதல் சிமெண்ட் ஆலை. கூட்ஸ் வண்டிக்குப் பஞ்சமில்லை. மூட்டை ஏற்றும் பிசிஎன்எச்எல் பெட்டியை 87-இல் ஒரு பங்கு மாதிரியாகச் செய்தால் 10,963 மி.மீ. நீளம் 126 ஆகிவிடும். உடலுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும். வம்பெல்லாம் சக்கரத்தில்தான். இந்த அளவு மாதிரிகளுக்கென்று கடையில் விற்கும் எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ.; அது 1,435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம் 1,676 மி.மீ. அகலப் பாதைக்கு 19.3 வேண்டும். பலர் குறுகலிலேயே ஓட்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ அது அண்ணன் காலுக்குத் தம்பி செருப்பு. கோவையில் பம்பு உதிரி கடையும் லேத் பட்டறை எதிலாவது, "ஏனுங்க, 11.5 மி.மீ. சக்கரம் நாலு ஜோடி கடஞ்சு தருவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள், பித்தளைத் துண்டைத் தேடிக்கொண்டே.