தொப்பிக்கு மட்டும் சலாமா?

அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். சிவப்புக் கோட்டு, மோவாய்க்குக் கீழே இழுத்து மாட்டிய பட்டை, தலையில் 18 அங்குல உயரத்துக்குக் கறுப்புக் கரடித் தோல் தொப்பி. லண்டன் வீதியில் பேண்டு வாத்தியம் முழங்க வருகிறார்கள். நூறு கால்களும் ஒரே கால் மாதிரி எழுந்து விழுகின்றன. கீழே ஒரு வரி: 'இதுதான்யா டிசிப்ளின்! நம்ம ஆளுங்களுக்கு எப்ப வரும்?'

அனுப்பியவர் அநேகமாக ஒரு ரிட்டயர்டு மாமாவாக இருப்பார். அதே குரூப்பில் அவருடைய அக்கா பையன் உடனே பதில் போடுவான்: 'காலனி காலத்துக் கூத்து. டூரிஸ்ட்டுக்குக் காட்டுகிற வேஷம். தண்டச் செலவு!'

எனக்கு இரண்டு பேரோடும் சண்டை.

முதலில் மாமா. சுத்தமான வெள்ளைக்காரப் பாரம்பரியம் என்று கும்பிடுகிறீர்களே, அதில் எது ஸார் வெள்ளைக்காரனுடையது? பெரிய டிரம்மும் ஜாலராவும் துருக்கியிலிருந்து வந்தவை. ஒட்டோமான் சுல்தானின் ஜானிஸரிப் படைக்கு முன்னால் 'மெஹ்தர்' என்ற வாத்தியக் குழு முழங்கிக்கொண்டு போகும். அதைக் கேட்டு மிரண்ட ஐரோப்பிய ராஜாக்கள், 18ஆம் நூற்றாண்டில் ஆளுக்கொரு செட் வாங்கிக் கொண்டார்கள். பெரிய டிரம் அடிப்பவர் சிறுத்தைத் தோல் போர்த்திக்கொண்டு வருகிறாரே, அது அந்தக் காலத்து 'துருக்கி வேஷ'த்தின் மிச்சம். அப்போது டிரம் அடிக்கக் கறுப்பினத்தவரைத் தேடிப் பிடித்தார்கள். 29ஆம் காலாட்படையில் 1759ல் குவாடலூப் தீவிலிருந்து கொண்டுவந்த கறுப்பினச் சிறுவர்களை டிரம்மர்களாகச் சேர்த்தார்கள். அந்தப் படையில் அந்த வழக்கம் 80 வருஷத்துக்கு மேல் நீடித்தது. கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் பேண்டுக்கு 1785ல் ஆட்கள் வந்தது ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து. அந்தக் கரடித் தொப்பி? 1815ல் வாட்டர்லூவில் நெப்போலியனின் காவல் படையைத் தோற்கடித்த பெருமைக்காக, தோற்றவன் தலையிலிருந்ததை ஜெயித்தவன் மாட்டிக்கொண்டது.

துருக்கி டிரம், ஆப்பிரிக்க வம்சத்துக் கை, ஜெர்மன் ஊதல், பிரெஞ்சுத் தொப்பி. இதுதான் மாமாவின் 'சுத்தமான' பாரம்பரியம்!

அடுத்து அந்த டிசிப்ளின். பிறவிக் குணம் என்றா நினைக்கிறீர்கள்? 1854ல் கிரிமியப் போருக்காகத் துருக்கியின் ஸ்குட்டாரியில் பிரிட்டிஷ் படைகள் கூடியிருந்தன. விக்டோரியா ராணியின் பிறந்த நாள் அணிவகுப்பு. சுமார் 20 பேண்டுகள் சேர்ந்து தேசிய கீதம் வாசித்தன. ஒவ்வொரு பேண்டும் ஒரு சுருதி, ஒவ்வொன்றும் ஒரு ஸ்தாயி, ஆளுக்கொரு இசையமைப்பு. மகாராணிக்கு வாழ்த்து சந்தைக் கூச்சலாக முடிந்தது. அதுவும் எங்கே? டிரம்மைச் சொல்லிக் கொடுத்த துருக்கிக்காரன் ஊரிலேயே!

காரணம் எளிமையானது. அன்றைக்குப் படையின் பேண்டு என்பது அதிகாரிகள் தங்கள் கைக்காசைப் போட்டு நடத்திய சொந்த கோஷ்டி. பேண்டு மாஸ்டர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கூலிக்கு வந்த சிவிலியன்கள். பொதுவான பயிற்சி கிடையாது, பொதுவான சுருதி கிடையாது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1857ல் லண்டனுக்கு அருகே நெல்லர் ஹாலில் ராணுவ இசைப் பள்ளி ஆரம்பித்தார்கள். இன்று நீங்கள் வாய் பிளந்து பார்க்கிற ஒழுங்கு, ஒரு பள்ளிக்கூடம், நிரந்தரச் சம்பளம், வருஷக்கணக்கான சாதகம் எல்லாம் சேர்ந்து விளைந்தது. ரத்தத்தில் ஓடி வந்ததில்லை. 'நம்ம ஆளுங்களுக்கு வராது' என்கிறீர்களே, அவர்களுக்கும்தான் வரவில்லை. கற்றுக்கொடுத்தார்கள், வந்தது.

இப்போது மருமகனுக்கு வருகிறேன். தம்பி, வேஷம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாய். அந்த வேஷத்துக்குள் நடக்கிற வேலை என்னவென்று தெரியுமா?

கார்ட்ஸ் படைகளின் வேக நடை நிமிஷத்துக்கு 116 அடி. ரைஃபிள்ஸ் படைக்கு 140. ஒவ்வொரு எட்டும் 30 அங்குலம். பெரிய அணிவகுப்பில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் 34 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள். முன்னால் எழுந்த சத்தம் பின்னால் இருப்பவன் காதுக்குப் போக ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். ஒரு எட்டுக்கு அரை விநாடிதான் இருக்கிறது. ஆக, காதை மட்டும் நம்பி வாசித்தால் ஐந்தில் ஒரு எட்டு பிந்திவிடுவாய். கண்ணால் டிரம் மேஜரின் தடியைப் பார்க்க வேண்டும். வாய் ஊத வேண்டும். விரல் ஓட வேண்டும். ஓரக் கண்ணில் பக்கத்து ஆளின் தோள் தெரிய வேண்டும். ட்ராம்போன்காரர்களை முன்வரிசையில் விடுவது அழகுக்காக இல்லை. அந்த இழுப்புக் குழாய் முன்னால் போகிறவன் முதுகில் இடிக்கும் என்பதால்.

வருஷா வருஷம் ஜூன் மாதம் ராஜாவின் பிறந்த நாளுக்கு நடக்கும் 'ட்ரூப்பிங் த கலர்' அணிவகுப்பில் சுமார் 400 இசைக் கலைஞர்கள் வருகிறார்கள். ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் அத்தனை பெரிய கூட்டம் சாதாரணமாகத் திரும்ப இடம் பற்றாது. அதற்காக 'ஸ்பின் வீல்' என்று ஒன்று செய்கிறார்கள். மொத்தக் கூட்டமும் தன் நடுப்புள்ளியைச் சுற்றியே திரும்பும். சிலர் முன்னால் நடப்பார்கள், சிலர் பின்னால், சிலர் பக்கவாட்டில். எல்லாம் வாசித்துக்கொண்டே! இது எந்தக் கையேட்டிலும் எழுதி வைக்கப்படவில்லை என்கிறார்கள். பழைய ஆள் பக்கத்தில் புது ஆளை நிறுத்தி, நடந்து காட்டித்தான் கற்றுத் தருகிறார்கள். நம் ஊர் நாதஸ்வரக்காரர் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

காலனி என்று சொன்னாய். சரி, உண்மைதான். அந்த பேண்டுகள் இங்கே வந்தது நம்மை மகிழ்விக்க இல்லை. ஆனால், சென்னை ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசித்ததைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் என்ன செய்தார்? காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ஏறத்தாழ 40 நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டையே ஒரு கீர்த்தனமாக்கி அம்பாளிடம் கொண்டுபோய் வைத்துவிட்டார். கொடியை வேறாகவும் இசையை வேறாகவும் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆக, என் சண்டை எதற்காக? மாமாவும் மருமகனும் எதிரெதிர்க் கட்சி மாதிரித் தெரிந்தாலும், இரண்டு பேரும் பார்ப்பது தொப்பியைத்தான். ஒருவர் கும்பிடுகிறார், ஒருவர் துப்புகிறார். தொப்பிக்குக் கீழே ஒரு ஆள் இருப்பது இருவர் கண்ணிலும் படவில்லை.

2023 ஜூன் 10. லண்டனில் வெயில் 30 டிகிரி. ஒத்திகை அணிவகுப்பில் கம்பளிக் கோட்டும் கரடித் தொப்பியுமாக நின்றவர்களில் சிலர் மயங்கி விழுந்தார்கள். ஒரு ட்ராம்போன்காரர் விழுந்து, எழுந்து, மறுபடியும் வாத்தியத்தை வாயில் வைத்து ஊத முயன்றார். உலகமே அந்தப் படத்தைப் பகிர்ந்தது. இளவரசர் வில்லியம் வீரர்களுக்கு நன்றி சொல்லி ட்விட்டரில் எழுதினார். 'என்ன கடமையுணர்ச்சி!' என்று உருகினார்கள். அந்த வெயிலில் அந்தக் கோட்டு எதற்கு என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். ராணுவக் கணக்குப்படி அதே 2023ல் ஒரு கரடித் தொப்பியின் விலை 2,040 பவுண்டு.

தொப்பிக்குக் காசு இருக்கிறது. ஊதுகிறவனுக்கு?

1994ல் பிரிட்டிஷ் ராணுவம் தன் பேண்டுகளில் பாதிக்கு மேல் கலைத்தது. பிறகும் பல முறை கத்தரி விழுந்தது. ஸ்குட்டாரி அவமானத்துக்குப் பரிகாரமாக எழுந்த நெல்லர் ஹாலை 2021ல் மூடிவிட்டு, பயிற்சியை போர்ட்ஸ்மவுத்துக்கு மாற்றினார்கள். அரண்மனை வாசலில் காவல் மாறும் காட்சி மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. அதைப் பார்க்க டூரிஸ்ட் வருகிறான் இல்லையா?

இந்தச் சாலை எங்கே போய் முடியும் என்று தெரிய வேண்டுமானால் அமெரிக்காவைப் பாருங்கள். இறந்துபோன முன்னாள் வீரர்களுக்கு ஊத பியூகிள் வாசிப்பவர்கள் போதவில்லை என்று, 2003ல் ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தார்கள். பியூகிளுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கரைச் செருகிவிட்டால் போதும். பட்டனைத் தட்டிவிட்டு, ஊதுவது மாதிரி வாயில் வைத்துக்கொண்டு நிற்கலாம். சுருதி பிசகாது, தாளம் தப்பாது. துல்லியமோ துல்லியம்! ஆனால் செத்தவனுக்காக அங்கே யாரும் ஒரு மூச்சு கூட விடவில்லை.

'இருந்தாலும் அது சண்டை போடாத வேலைதானே?' என்று கேட்பீர்கள். முதல் உலகப் போரில் வாத்தியத்தை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் பேண்டுக்காரர்கள். 1991 வளைகுடாப் போரிலும் அவர்களுக்கு மருத்துவ உதவி வேலைதான். 2020ல் கொரோனா பரிசோதனைக்கும் அவர்களை அனுப்பினார்கள். 'கர்னல் போகி' மெட்டை எழுதிய கென்னத் ஆல்ஃபோர்டின் நிஜப் பெயர் ஃப்ரெடரிக் ஜோசஃப் ரிக்கெட்ஸ். அப்பா, அம்மா இல்லாத ஏழைப் பையன், 14 வயதில் பேண்டில் சேர்ந்தவன். 1914ல் வந்த அந்த மெட்டை, 1957ல் 'க்வாய் நதிப் பாலம்' படத்தில் கைதிகள் விசிலடித்துக்கொண்டு வந்ததால் உலகத்துக்கே தெரியும். அந்த பர்மா ரயில் பாதையில் செத்துப்போன பல்லாயிரம் மலாயாத் தமிழர்களைத்தான் யாருக்கும் தெரியாது. விசில் நினைவிருக்கிறது, ஆள் நினைவில்லை. இந்த வியாதி லண்டனுக்கு மட்டும் சொந்தமில்லை.

1982 ஜூலை 20. லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் மக்களுக்காக வாசித்துக்கொண்டிருந்த ராயல் கிரீன் ஜாக்கெட்ஸ் பேண்டின் மேடைக்குக் கீழே ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்தது. 7 பேர் பலி. 1989 செப்டம்பர் 22. டீல் நகரத்திலிருந்த ராயல் மெரீன் இசைப் பள்ளியில் காலையில் இன்னொரு குண்டு. 11 பேர் பலி. அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவம் செய்ததற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. 1972ல் டெர்ரி நகரத்தில் ஊர்வலம் போன மக்களை ஒரே நாளில் 13 பேரைச் சுட்டுக் கொன்றது அந்த ராணுவம்தான். ஆனால் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தவனைக் கொன்றவர்களும் பார்த்தது சீருடையை மட்டும்தான், ஆளை அல்ல.

அடுத்த வாரம் டீல் நகர வீதியில் அந்தப் பள்ளியின் பேண்டு அணிவகுத்துப் போனது. செத்தவர்களும் காயம்பட்டவர்களும் நிற்க வேண்டிய இடங்களை யாரும் நிரப்பவில்லை. வரிசைக்கு நடுவே வெற்றிடம் விட்டு, அதே இடைவெளி மாறாமல் நடந்தார்கள். அந்த வெற்றிடமும் சேர்ந்து திரும்பியது, சேர்ந்து நடந்தது. ஒவ்வொருவனும் பக்கத்தில் இல்லாதவனுக்காகத் தன் எட்டைச் சரியாக வைத்தான்.

மாமா, நீங்கள் கேட்ட டிசிப்ளின் அதுதான். அதட்டலுக்குப் பயந்து நேராக நிற்பதை நாலு வாரத்தில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். பக்கத்தில் இருப்பவன் மூச்சு விடுவது தெரிந்து வாசிக்கத்தான் வருஷக்கணக்காகும். அதற்குத்தான் பள்ளிக்கூடம், சம்பளம், பெரிய வாத்தியாரெல்லாம் வேண்டியிருக்கிறது. அதை வெட்டிவிட்டுத் தொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால், கொஞ்ச நாளில் தொப்பி தானாக நடந்து வராது.

மருமகனே, நீ ராணுவத்தை எதிர்க்கலாம். ராஜாவை எதிர்க்கலாம். கூடவே நானும் வருகிறேன். ஆனால் 'தண்டச் செலவு' என்று முதலில் வெட்டப்படுவது எப்போதும் வாத்தியக்காரன்தான் என்பதைக் கவனி. பீரங்கி பாக்கியிருக்கும்.

அடுத்த முறை அந்த வீடியோ வரும்போது கால்களைப் பார்க்காதீர்கள். முகத்தைப் பாருங்கள். கன்னம் உப்பி, வியர்வை கண்ணில் இறங்கி, துடைக்கக் கை இல்லாமல் ஒருவர் ஊதிக்கொண்டிருப்பார். ஃபார்வர்டு பண்ணுவதற்கு முன்னால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, அவர் என்ன வாசிக்கிறார் என்று ஒரு நிமிஷம் கேளுங்களேன்.